அஞ்சல் குறியீட்டு எண்ணும் வட்டார வரலாறும்: ஜெயங்கொண்டம் பகுதியை முன்வைத்து

முன்னுரை

இந்திய அஞ்சல் துறையின் வரலாறு பெரும்பாலும் சட்டங்கள், கட்டணங்கள், அஞ்சல்தலைகள் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டு வருகிறது. அஞ்சல் பை சென்ற வழியும் வரலாற்றுச் சான்றாகும் என்பதை அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் பகுதியின் அஞ்சல் குறியீட்டு எண்களைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டணமும் வழியும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் அஞ்சல் வசதி 1774இல் கல்கத்தாவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னையில் தலைமை அஞ்சலகம் 1786இல் தோன்றியது. அக்காலத்தில் தொலைவு கூடக் கட்டணமும் கூடியது. டல்ஹௌசி காலத்து 1854ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. எடை குறைந்த கடிதம் அரையணா அஞ்சல்தலையுடன் நாட்டின் எப்பகுதிக்கும் செல்லலாயிற்று. 1879இல் காலணா அஞ்சலட்டையும், 1880இல் பணவிடையும், 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் வந்தன.

கட்டணத்திலிருந்து தொலைவு நீங்கினாலும், எந்தப் பை எவ்வழியே செல்ல வேண்டும் என்னும் சிக்கல் நீங்கவில்லை. அவ்வறிவு கடிதங்களைப் பிரிக்கும் ஊழியர்களின் நினைவாற்றலைச் சார்ந்திருந்தது. ஒரே பெயருடைய ஊர்களும் பல மொழிகளில் எழுதப்பட்ட முகவரிகளும் அதற்குச் சவாலாயின. 1972 ஆகஸ்டு 15 அன்று அறிமுகமான ஆறிலக்கக் குறியீடு அவ்வறிவை எண்ணாக்கியது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கப்படும் அஞ்சல் மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன.

இரு ஊர்கள், இரு வரிசைகள்

ஜெயங்கொண்டத்தின் எண் 621802. இது திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த பகுதிகளுக்குரிய 621 வரிசையைச் சார்ந்தது. அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தின் எண்ணோ 612901. 612 என்பது கொள்ளிடத்திற்குத் தென்பால் உள்ள கும்பகோணத்தின் வரிசை. குறியீடு வகுக்கப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டத்திலும் இருந்தன. ஆகவே, இவ்வெண் வருவாய் எல்லையைப் பின்பற்றவில்லை என்பது தெளிவு. இருப்புப்பாதை உள்ள கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக வரும் சாலையே இவ்வமைப்பிற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு.

பின்னர் வருவாய் எல்லைகள் பலமுறை மாறின. இப்பகுதி 1995இல் பெரம்பலூர் மாவட்டத்திலும், 2001இல் அரியலூர் மாவட்டத்திலும், 2002இல் மீண்டும் பெரம்பலூரிலும், 2007இல் மீண்டும் அரியலூரிலும் சேர்க்கப்பட்டது. இம்மாற்றங்களுக்கு இடையிலும் இவ்விரு வரிசைகளும் நிலைத்தன.

முடிவுரை

இதனால் இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, குறியீட்டு எண்ணைக் கொண்டு ஓர் ஊரின் மாவட்டத்தை முடிவு செய்தல் பிழையாகும். இரண்டாவது, மாவட்ட எல்லை ஆட்சியின் பார்வையைக் காட்ட, அஞ்சல் குறியீடு ஆற்றைக் கடந்த போக்குவரத்து உறவைக் காட்டுகிறது. 2025இல் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின் முறை அட்சரேகை, தீர்க்கரேகைகளின் அடிப்படையில் இடத்தைத் துல்லியமாகச் சுட்டுகிறது. எனினும் ஓர் ஊருக்குக் கடிதம் எவ்வழியே வந்தது என்பதை அது கூறாது. எனவே, பழைய அஞ்சல் வழிகளை அறிந்த ஊழியர்களின் நினைவுகளையும் அஞ்சலக முத்திரைகளையும் வட்டார வரலாற்று ஆய்வாளர்கள் இப்போதே ஆவணப்படுத்துதல் வேண்டும்.