நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஒன்றான நயினாதீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள அம்மன் கோயில். நாகத்தை அணியாகப் பூண்ட அம்பிகையே மூலவர். உடனுறையும் சிவனை நயினார் என்பர். ஈழத்துச் சைவர்களின் முதன்மையான சக்தித் தலம் இது. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்று, அங்கிருந்து இயந்திரப் படகில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் கோயில் வாசலை அடையலாம். கரம்பொன், ஊர்காவற்றுறை, நாரந்தனை ஆகிய ஊர்க்காரருக்கும் இன்று இதுவே வழி.

இக்கோயிலின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் புராணத்தில் தொடங்கிப் புராணத்திலேயே நின்றுவிடுகின்றனர். ஆனால் இங்கே கல்லில் எழுதிய சான்று ஒன்று இருக்கிறது. அது பேசுவது பூசையைப் பற்றியோ நிலக்கொடையைப் பற்றியோ அல்ல, உடைந்துபோன கப்பல்களைப் பற்றி. அதை வைத்துப் படித்தால் கோயிலின் கதைகளும் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

பராக்கிரமபாகுவின் கல்வெட்டு

பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை, தமிழில் பொறிக்கப்பட்டு இக்கோயிலில் உள்ளது. வரலாற்றுப் பேராசிரியர் கா. இந்திரபாலா இதை ஆராய்ந்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். தொடக்கப் பகுதி சிதைந்த இக்கல்லில் எஞ்சியுள்ள செய்தி தெளிவானது. பிற நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால், கரைசேர்ந்ததில் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. இந்த ஏற்பாடு நிலைத்திருக்கும் பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் எழுதுவித்ததாக மன்னன் கூறுகிறான்.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை; கரம்பொன்னை ஒட்டிய துறைமுகம். அக்காலத்தில் அதன் நிலை என்ன என்பதற்குச் சோழர் பக்கத்திலும் சான்று உண்டு. பாண்டிய அரசுரிமைப் போரில் பராக்கிரமபாகு தலையிட்டபோது, ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம் முதலிய இடங்களில் அவன் படை திரட்டிக் கப்பல்கள் கட்டியதையும், அவற்றை அழிக்கச் சோழர் எடுத்த நடவடிக்கையையும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. போர்க்கப்பல் கட்டும் இடமாகவும் வணிகக் கப்பல் ஒதுங்கும் இடமாகவும் தீவகத்தின் இந்த மூலை விளங்கியது. குதிரை ஏற்றிய கப்பலுக்குச் சலுகை ஏன் என்பதற்கு விளக்கம் தேவையில்லை: இலங்கையில் போர்க்குதிரை கிடைப்பதில்லை, கடல் வழியே வந்தாக வேண்டும்.

சிங்கள மன்னனின் ஆணை தமிழில் எழுதப்பட்டதும் கவனிக்க வேண்டியது. துறையில் வாங்கியவரும் விற்றவரும் புரிந்துகொண்ட மொழி தமிழ். துறைமுகத்தைப் பற்றிய ஆணை அம்மன் சந்நிதியில் நிற்பதை, கடலோடிகள் அஞ்சி வணங்கிய தெய்வத்தோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையாளர் கருத்து. நீரிணையின் இப்பகுதி ஆழம் குறைந்தது, கல்லும் திட்டும் நிறைந்தது. கப்பல் உடைவது இங்கே அன்றாடக் கவலை.

நாகமும் கருடனும்

கோயிலின் தலக்கதையும் கடலில்தான் நடக்கிறது. அயலில் உள்ள புளியந்தீவிலிருந்து நாகம் ஒன்று அம்மனுக்குச் சாத்தப் பூவை வாயில் கவ்விக்கொண்டு நாள்தோறும் நீந்தி வந்தது. ஒருநாள் கருடன் அதைக் கண்டு கொல்லப் பாய்ந்தது. நாகம் கடலில் நின்ற பாறையொன்றைச் சுற்றிக்கொண்டது. எதிரே இன்னொரு பாறையில் கருடன் காத்திருந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த சோழநாட்டு வணிகன் நாகத்துக்காகக் கருடனிடம் இரந்தான். அம்மனுக்குக் கோயில் எழுப்புவதானால் விட்டுவிடுகிறேன் என்றது கருடன். வணிகன் ஒப்புக்கொண்டான், நாகம் பூவோடு கரை சேர்ந்தது, கருடனும் கடலில் மூழ்கித் தன் பழம்பகையைக் கழுவிக்கொண்டது. பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் கரைக்கு அப்பால் இன்றும் இரு பாறைகளைக் காட்டுகின்றனர்.

கோயிலைக் கட்டியவன் அரசனல்லன், வணிகன் என்று கதை சொல்வதை இலேசாக விட்டுவிடக்கூடாது. நல்லூரும் கீரிமலையும் மன்னரையும் இளவரசியரையும் தம் கதைகளில் வைத்திருக்க, நயினாதீவு ஒரு கடல் வணிகனை வைத்திருக்கிறது. கல்வெட்டின் உலகமும் கதையின் உலகமும் ஒன்றே.

இன்னொரு கதை இந்திரனைப் பற்றியது. கௌதம முனிவரின் சாபத்தால் உடலெங்கும் இழிவுக் குறி பெற்ற இந்திரன், இத்தீவில் அம்பிகையை வழிபட, அக்குறிகள் ஆயிரம் கண்களாயின என்பர். இதனால் அம்மனுக்கு இந்திராட்சி என்றும் பெயர். தக்கன் வேள்வியில் உயிர்விட்ட சதியின் உடல் சிதறி விழுந்த சக்தி பீடங்களைத் தொகுக்கும் வடமொழி மரபு, இலங்கையில் சிலம்பு விழுந்தது என்றும், அங்குள்ள தேவி இந்திராட்சி என்றும் குறிக்கிறது. நயினாதீவார் இதைத் தம் தலமாகவே கொள்கின்றனர். இலங்கையின் சக்தி பீடம் திருகோணமலைச் சங்கரி கோயிலே என்ற மரபும் வலுவாக இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு பட்டியல்களைச் சார்ந்தவை. ஒன்றைக் கொண்டு மற்றதை மறுக்க வேண்டியதில்லை.

நாகதீபம், மணிபல்லவம்

நாக வழிபாடு வட இலங்கையில் பரந்தது. வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில், வன்னியெல்லையில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் எனப் பல தலங்கள் உண்டு. மகாவம்சம், புத்தர் இரண்டாம் முறை இலங்கை வந்தபோது நாகதீபத்தில் மணியாசனத்துக்காகப் போரிட்ட சூளோதரன், மகோதரன் என்னும் நாக அரசர்களைச் சமாதானம் செய்தார் என்கிறது. நயினாதீவில் அம்மன் கோயிலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ள நாகதீப விகாரை இந்நிகழ்ச்சியின் நினைவிடமாகப் போற்றப்படுகிறது. எனினும் பழங்காலத்தில் நாகதீபம் என்ற பெயர் இத்தீவுக்கு மட்டும் உரியதன்று. 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த, வசப மன்னன் காலத்துப் பொன்னேடு, நாகதீவை ஓர் அமைச்சர் ஆண்ட நிலப்பகுதியாகவே குறிப்பிடுகிறது. அது குடாநாட்டைச் சுட்டும் என்பதே வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து.

மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் இத்தீவே என்ற நம்பிக்கை ஊரில் ஆழமானது; அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடையாளம் எதுவாயினும், காப்பியம் மணிபல்லவத்தைக் கப்பல்கள் வந்து நின்று போகும் தீவாகக் காட்டுவது கருதத்தக்கது. சாவக நாட்டுக்குச் செல்லும் வழியில் காற்று மாறியதால் கப்பல் அங்கே தங்க, அதிலிருந்து இறங்கிய ஆபுத்திரன் என்பவனை மறந்து கப்பல் போய்விடுகிறது. உண்பார் எவருமில்லாத தீவில் தான் மட்டும் உண்டு வாழ விரும்பாமல், வற்றாது உணவளிக்கும் தன் பாத்திரமான அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டு அவன் உயிர் துறக்கிறான். நாகநாட்டு இளவரசி பீலிவளை தன் மகனை மணிபல்லவத்துக்கு வந்த கம்பளச் செட்டியிடம் ஒப்படைக்கிறாள்; அந்தக் கப்பலும் இரவில் உடைகிறது. நாகர், வணிகர், கப்பல் உடைதல்: காப்பியத்திலும் தலக்கதையிலும் கல்வெட்டிலும் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

அழிவும் மீட்சியும்

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் விழுந்தது. அடுத்த ஆண்டுகளில் குடாநாட்டின் பெருங்கோயில்களோடு இதுவும் இடிக்கப்பட்டது. மூலத் திருவுருவை அடியார் மறைத்துக் காத்தனர் என்பது மரபு. 1658இல் வந்த ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர்: நயினாதீவு ஹார்லெம், வேலணைத்தீவு லைடன், நெடுந்தீவு டெல்வ்ட். டெல்வ்ட் என்பது மட்டும் வழக்கில் நின்றது. கோயில் வழிபாட்டுக்கு அவர்கள் விதித்த தடை 18ஆம் நூற்றாண்டில் மெல்லத் தளர்ந்தபோது இக்கோயிலும் மீண்டும் எழுந்தது. இன்றைய கோயிலின் வரலாறு அந்த நூற்றாண்டிலிருந்தே தொடர்கிறது. ஊர்ப் புலவர் நாகமணிப் புலவர் பாடிய நயினை மான்மியம் தலத்தின் பெருமையைச் செய்யுளில் தொகுத்தது.

உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1986 மார்ச்சில், கோயில் தாக்கப்பட்டுத் தேர் எரிந்தது. 1990க்குப் பின் ஊர்காவற்றுறை, கரம்பொன், வேலணை, புங்குடுதீவு ஊர்கள் பெரும்பாலும் வெறிச்சோடின. தீவக மக்கள் குடாநாட்டுக்கும் கொழும்புக்கும், பின்னர் கனடா, சுவிட்சர்லாந்து, பிரான்சு, பிரித்தானியாவுக்கும் சிதறினர். கோயிலைப் பின்னாளில் பெரிதாக்கியதில் அவர்கள் அனுப்பிய பணத்துக்குப் பெரும் பங்குண்டு. 2012இல் குடமுழுக்கு நடந்தது.

கட்டடம்

திராவிடக் கட்டட மரபில் அமைந்த இக்கோயிலுக்கு நான்கு கோபுரங்கள். கடலை நோக்கிய இராசகோபுரம் 108 அடி உயரம். படகு குறிகட்டுவானை விட்டுப் புறப்பட்டதும் கண்ணில் படுவது அதுதான். கருவறையில் படம் விரித்த ஐந்தலை நாகம் அம்மனோடு சேர்ந்து விளங்குகிறது; கோயிலின் மிகப் பழைய கூறு இதுவே என்பர். தீவகம் சுண்ணாம்புப் பாறை நிலம், கருங்கல் கிடையாது. ஆகவே தமிழ்நாட்டுக் கோயில்களில் காணும் கற்சிற்ப வரிசைகளை இங்கே தேடக்கூடாது. சுவரும் சுதையும் வண்ணமும்தான் இங்கே சிற்பியின் மொழி. அண்மைத் திருப்பணியில் சேர்ந்த சுதையுருவங்கள் எண்ணற்றவை. சில இடங்களில் கண்ணுக்கு ஓய்வில்லாத நெருக்கம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வழிபாடு

ஆண்டுத் திருவிழா ஆனி மாதத்தில் கொடியேறிப் பதினாறு நாள் நடக்கும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் தீவகமெங்கிருந்தும், கடல் கடந்த நாடுகளிலிருந்தும் மக்கள் கூடுவர். பிள்ளைப் பேறு வேண்டுவோர், நாகதோசம் நீங்க வேண்டுவோர் நேர்த்தி வைத்து நாகப் பிரதிட்டைகளுக்குப் பால் வார்ப்பர். பிறந்த குழந்தையை அம்மன் சந்நிதிக்குக் கொண்டுவருவது தீவார் வழக்கம். வந்தவர் பசியோடு திரும்பக்கூடாது என்பதற்காக அன்னதானம் நடக்கும் மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். தெற்கிலிருந்து நாகதீப விகாரைக்கு வரும் சிங்களப் பௌத்தர் பலரும் அம்மனைத் தொழுதே படகேறுகின்றனர்.

நயினாதீவு செல்வோர் கோபுரத்தையும் தேரையும் பார்ப்பதோடு நில்லாமல், ஊராத்துறையின் பெயர் தாங்கிய அந்தக் கல்வெட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அதன் வாசகத்தை இன்றைய தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வருவோர் எல்லோரும் படிக்கும்படி கோயிலில் வைக்கத் திருப்பணியாளர் முன்வர வேண்டும்.