செமினி வட்டாரத் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு வாழ்வு

செமினி, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உலு லங்காட் மாவட்டத்தின் தென்பகுதியில், காஜாங்கிலிருந்து சிரம்பான் செல்லும் பழைய சாலையில் அமைந்த ஊர். ஈயச் சுரங்கங்களும் பால்மரத் தோட்டங்களும் இவ்வட்டாரத்தை உருவாக்கின. மக்கள்தொகையில் தமிழ்க் கத்தோலிக்கர் இங்கு என்றும் சிறுபான்மையினரே, தமிழரிடையேயும் சிறுபான்மையினரே. 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் 86.2 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். செமினிக்கு அண்மையிலுள்ள பெரிய பங்கு ஆலயம் காஜாங் திருக்குடும்ப ஆலயம். தோட்டக்காட்டுப் பங்கு வாழ்வை ஆலயக் கட்டடங்களைக் கொண்டும் குருக்களின் பெயர்ப் பட்டியலைக் கொண்டும் எழுதுவது வழக்கம். அந்த வரலாறு பாதியே உண்மை. இவ்வட்டாரத்தில் விசுவாசத்தைக் காத்தவர்களும், காலந்தோறும் புதுப்பித்தவர்களும் பெரும்பாலும் குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினரே. உபதேசியார், செபமாலைக் கூட்டம், திருவிழாக் குழு ஆகிய மூன்றின் வழியாக அவர்கள் அதைச் செய்தனர். 1976க்குப் பின் மலேசியத் திருச்சபையில் புதுமை என்று போற்றப்பட்ட சிறு சமூக வாழ்வு தமிழருக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்று.

தோற்றுவாய்

இம்மரபின் வேர் மலாயாவில் இல்லை, தமிழ்நாட்டில் இருக்கிறது. 1606இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மதுரை மறைபணித்தளம் குருக்கள் மிகக் குறைந்த தளம். நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடந்த கிறித்தவர்களை ஒரு சில துறவியர் சுற்றிவந்து சந்திக்க முடிந்ததே அரிது. குரு வராத மாதங்களில் செபம் சொல்லிக்கொடுக்கவும், நோயாளிகளைப் பார்க்கவும், சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும், வழக்குகளைத் தீர்க்கவும் வேதியர் அல்லது உபதேசியார் எனப்பட்ட பொதுநிலையினர் அமர்த்தப்பட்டனர். வீரமாமுனிவர் (1680–1747) இவர்களுக்காகவே 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். தமிழ் உரைநடையின் வரலாற்றில் பேசப்படும் இந்நூல் திருச்சபை வரலாற்றிலும் அதே அளவு பேசப்படத் தகும். பொதுநிலையினர் ஒருவர் ஒரு சமூகத்தின் ஆன்மிகப் பொறுப்பைத் தாங்க வேண்டுமானால் அவர் எப்படி வாழ வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் நூல் அது. 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டபோது இத்தளம் சோதனைக்குள்ளானது. 1776இல் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புக் கழகத்தார் புதுச்சேரியிலிருந்து பொறுப்பேற்றனர். அக்காலத்திலும் பின்னரும் ஊர்ச் சபைகள் அழியாமல் நின்றதற்கு வேதியரின் உழைப்பு முதன்மையான காரணம்.

புதுச்சேரிக்கும் மலாயாவுக்கும் இடையே தொடர்பு வலுவாக இருந்தது. சயாமின் அயூத்தியாவில் பாரிஸ் கழகத்தார் தோற்றுவித்த பொதுக் குருமடம் போர்களால் இடம்பெயர்ந்து, 1770 முதல் சில ஆண்டுகள் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் நடந்தது. 1808இல் பினாங்கில் நிலைபெற்றது. தென்கிழக்காசியாவுக்குக் குருக்களை உருவாக்கிய அந்நிறுவனத்தின் பயணத்தில் ஒரு தமிழ் மீனவர் ஊரும் ஒரு கட்டமாக அமைந்தது. மலாயாவில் பணியாற்றிய பிரெஞ்சுக் குருக்களும் இதே கழகத்தினர். மலாக்கா மறைமாவட்டம் 1558இல் போர்த்துக்கீசர் காலத்தில் நிறுவப்பட்டு, பின்னர் நலிந்து, 1888இல் மீண்டும் நிறுவப்பட்டது. அதன் ஆயராக 1896 முதல் 1904 வரை இருந்த ரெனே ஃபே, ஆயராகும் முன்னர் தமிழரிடையே பணியாற்றியவர். பேராக் மாநிலத்தின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்க உழவர்களைக் குடியேற்றி அவர் உருவாக்கிய ஊரே சூசைப்பாளையம்.

சூசைப்பாளையத்தை இங்கே விரித்துரைக்கக் காரணம் உண்டு. அது மலாயாவில் அமைந்த தமிழ்க் கிறித்தவக் கிராமத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆலயம் நடுவில், வீடுகள் சுற்றிலும், வயல்கள் அப்பால் என்னும் அமைப்பில் தமிழ்நாட்டுக் கிறித்தவ ஊர் அப்படியே கடல் கடந்தது. நிலத்தோடு பிணைந்த மக்கள் தலைமுறைகளாக அங்கேயே இருந்தனர். பங்கும் அங்கேயே இருந்தது. செமினி வட்டாரத் தோட்டங்களில் நிலை வேறு. 1890களில் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கினர். 1905க்குப் பின் எழுந்த ரப்பர் விலையேற்றத்தில் உலு லங்காட் முழுவதும் தோட்டங்கள் பரவின. திருச்சி, தஞ்சை, சேலம், தென்னார்க்காடு, வடார்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி வந்தனர். நிலம் நிறுவனத்துக்குச் சொந்தம். தொழிலாளர் குடியிருந்த லயம் நிறுவனத்துக்குச் சொந்தம். சிற்றாலயம் எழுந்த மண்ணும் நிறுவனத்துக்கே சொந்தம். சூசைப்பாளையத்தார் ஊரைக் கொண்டுவந்தனர். செமினித் தோட்டத்தார் பழக்கத்தை மட்டுமே கொண்டுவர முடிந்தது. எனவே பங்கு என்பது கட்டடமா மக்களா என்னும் வினாவுக்கு விடை தேட வேண்டிய இடம் செமினியே.

தோட்டத்தில் பங்கு வாழ்வு

கோலாலம்பூரில் புனித யோவான் ஆலயம் 1883இல் புக்கிட் நானாசில் தோன்றியது. அதன்பின் மொழிவாரியாக ஆலயங்கள் பிரிந்தன. பிரிக்பீல்ட்சின் திருச்செபமாலை ஆலயம் சீனருக்கென எழுந்தது. புடு பகுதியின் புனித அந்தோணியார் ஆலயம் தமிழருக்கென எழுந்தது. கிள்ளானில் லூர்து அன்னை ஆலயத்தின் இன்றைய கோதிக் கட்டடம் 1928ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நகரத்தில் பணியாற்றிய குரு, பல தோட்டங்களைச் சுற்றி வர வேண்டியிருந்தது. தோட்டத்துக்குத் திருப்பலி எப்போதாவது வாய்த்தது. செபம் தவறாமல் நடந்தது. பெரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்பு, பால்வெட்டு, நிறுவை என்று விடியுமுன் தொடங்கி ஓடும் நாளில் மாலையே சமூகத்துக்குக் கிடைத்த நேரம். செபமாலைக்குக் குரு தேவையில்லை, புத்தகம் தேவையில்லை, எழுத்தறிவும் தேவையில்லை. தவக்காலத்தில் சிலுவைப்பாதை, மே, அக்டோபர் மாதங்களில் மாதாவுக்குச் செபமாலை, பாதுகாவலர் திருவிழாவில் கொடியேற்றமும் நவநாளும் சப்பரமும் என ஆண்டு முழுவதும் ஒரு முறைமை உருவானது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையை முதலாளி மீது சுமத்தியது. வழிபாட்டிடம் கட்டும்படி எச்சட்டமும் சொல்லவில்லை. இந்துக்களின் மாரியம்மன் கோயிலைப் போலவே கத்தோலிக்கரின் சிற்றாலயமும் தொழிலாளரின் கூலியிலும் உழைப்பிலும் எழுந்தது. தோட்டத்துச் சிற்றாலயத்தின் எளிய தகரக் கூரை, மக்கள் தம் தேவையைத் தாமே அறிந்து நிறைவேற்றிக்கொண்டதற்குச் சான்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தோட்டத்துச் சமூகம் விருப்பத்தால் அமைந்ததன்று. கங்காணியின் ஆணையால் அமைந்தது, சாதி வரிசையையும் அது சுமந்து வந்தது, அதில் விசுவாசச் சமூகத்தைக் காண்பது மிகை என்பர். கங்காணியின் அதிகாரமும் சாதியும் உண்மை. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் அவை வெளிப்பட்டன. எனினும் கங்காணி முறை 1938இல் இந்திய அரசின் தடையோடு முடிவுற்றது, செபக்கூட்டம் முடியவில்லை. ஆணையால் மட்டுமே கூடிய கூட்டம் ஆணையிட்டவர் போனதும் கலைந்திருக்கும். சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத்து ஆண்களை இழுத்துச் சென்ற ஜப்பானியர் ஆட்சியிலும், அதன் பின் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும், குரு நினைத்தபோது தோட்டத்துக்கு வர இயலவில்லை. அக்காலத்தைக் கடந்து வந்தது லயத்து வழிபாடு. மொழிவாரி ஆலயங்கள் திருச்சபையைப் பிளந்தன என்னும் குறையும் கூறப்படுகிறது. இலத்தீன் மட்டுமே பலிபீடத்தின் மொழியாக இருந்த காலத்தில், தமிழில் மன்றாடவும் பாவசங்கீர்த்தனம் செய்யவும் இடம் தந்தவை அவ்வாலயங்களே. பிரித்ததைவிட அவை காத்ததே பெரிது.

புதுப்பித்தல்

1955இல் கோலாலம்பூர் மறைமாவட்டம் உருவாகி தோமினிக் வெந்தர்கோன் அதன் முதல் ஆயரானார். 1972இல் அது உயர் மறைமாவட்டமானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வழி திறந்தது. அதே பத்தாண்டில் வெளிநாட்டு மறைபரப்பாளர் தங்குவதற்கு அரசு வரம்பு விதித்ததால் குருக்கள் பற்றாக்குறை மேலும் கூடியது. 1969க்குப் பின் குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டு, ஏறத்தாழ 60,000 இந்தியர் நாடு திரும்பினர். தோட்டச் சபைகள் மெலிந்தன. இச்சூழலில், 1976 ஆகஸ்டில், தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் தம் பங்குகளை விட்டு ஒன்றுகூடி, வத்திக்கான் சங்கத்தின் ஒளியில் தம் பணியை ஆராய்ந்தனர். அம்மாதம் பங்குகளைப் பொதுநிலையினரே நடத்தினர். அக்கூட்டத்தின் பயனாக, அண்டை வீட்டார் கூடி இறைவார்த்தையை வாசித்து ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் அடிப்படைத் திருச்சபைச் சமூகங்கள், தமிழில் அன்பியங்கள், மறைமாவட்டங்களின் முதன்மைத் திட்டமாயின. 1986, 1996, 2006 ஆண்டுகளின் மேய்ப்புப்பணி மாநாடுகள் அதை உறுதிசெய்தன.

அன்பியம் வெளியிலிருந்து வந்தது, இலத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் பிறந்த முறை அது என்பர். அழைப்பு வெளியிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அழைப்பு மட்டும் ஒரு சமூகத்தை உருவாக்கிவிடாது. வாரம் ஒரு வீட்டில் கூடுவது, குரு இன்றியே செபத்தை நடத்துவது, நோயுற்றவர் வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் முதலில் போய் நிற்பது ஆகியவற்றைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. கூடுதலாகக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, விவிலியம் கைக்கு வந்தது; மனப்பாடச் செபத்தோடு வாசிப்பும் சிந்தனையும் சேர்ந்தன. மற்றொன்று, கங்காணி வீட்டு ஆண்மகனே முன்னிற்க வேண்டும் என்னும் நிலை தளர்ந்து, பெண்களும் இளையோரும் தலைமையேற்றனர். பழைய மரபின் குறையைப் புதிய அழைப்பு திருத்தியது; புதிய அழைப்புக்கு உடல் தந்தது பழைய மரபு.

அதைவிட ஆழமான மறுப்பு இறையியல் சார்ந்தது. கத்தோலிக்க வாழ்வின் ஊற்றும் உச்சமும் நற்கருணை. குரு இன்றி நற்கருணை இல்லை. ஆகவே குரு இல்லாத சபையைப் புதுப்பிக்கப்பட்ட சபை என்பது பொருந்தாது என்பது அது. இதன் முதற்பகுதியை யாரும் மறுக்க இயலாது; தோட்டத்தாரும் மறுத்ததில்லை. குரு வரும் ஞாயிறுக்காகக் காத்திருந்து, உடை எடுத்து வைத்து, நோன்பிருந்து திருப்பலி கண்டவர்கள் அவர்கள். திருப்பலிக்கு அவர்கள் மாற்றுத் தேடவில்லை. அதன்மீதான பசியை அணையாமல் காத்தனர். பங்கு என்பது மக்களே என்னும் கருத்தை நோக்கியே திருச்சபைச் சட்டமும் வளர்ந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு பங்கை மறைமாவட்டத்தின் எல்லை வகுத்த ஒரு பகுதியாக நோக்கியது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 515ஆம் சட்டம் பங்கை இறைமக்களின் நிலையான ஒரு சமூகம் என்றே வரையறுக்கிறது. குருத் தட்டுப்பாடு நேர்ந்தால் மேய்ப்புப்பணியில் பொதுநிலையினருக்குப் பங்கு அளிக்க 517ஆம் சட்டம் வழிசெய்கிறது. வேதியர் நடைமுறையில் செய்துவந்ததற்கு இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் சட்டத்தில் இடம் கிடைத்தது. நிலையான சமூகம் என்பதன் உரைகல் நிலம் என்றால் செமினித் தோட்டத்தார் தோற்றவர்கள். உறவு என்றால் அவர்கள் வென்றவர்கள். சட்டம் உறவின் பக்கமே நிற்கிறது.

ஆவிக்குரிய புதுப்பித்தல் இயக்கத்தின் தியானங்களும் நற்செய்திப் பெருவிழாக்களுமே உண்மையான மறுமலர்ச்சியைக் கொணர்ந்தன என்போரும் உளர். அவை பலருடைய வாழ்வைத் திருப்பியிருக்கின்றன. குடியிலிருந்து மீண்ட குடும்பங்கள் அதற்குச் சாட்சி. ஆயினும் தியானத்தில் பிறந்த மனமாற்றம் நிலைக்க, வீடு திரும்பிய பின் தாங்கிக்கொள்ளும் அண்டை வீட்டார் வேண்டும். கள்ளுக்கடை தோட்டத்தின் ஓர் உறுப்பாகவே இருந்த வரலாறுடைய மக்களிடம், தனியொருவரின் தீர்மானம் எவ்வளவு எளிதில் உடையும் என்பது தெரிந்ததே. புதுப்பித்தலின் அளவுகோல் பெருங்கூட்டத்தில் எழும் உணர்ச்சி அன்று. அடுத்த ஆண்டும் அதே தெருவில் செபமும் உதவியும் தொடர்வதே.

இன்றைய நிலை

1980களிலிருந்து தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. 2005இல் நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகம் செமினியில் திறக்கப்பட்டது. ரிஞ்சிங் போன்ற தோட்டப் பெயர்கள் இன்று தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளையும் தமிழ்ப்பள்ளிகளையும் குறிக்கின்றன. லயத்தார் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் பிரிந்தனர்; பல மொழியினர் வழிபடும் நகரப் பங்குகளில் தமிழ்த் திருப்பலியும் தமிழ் அன்பியமும் தொடர்கின்றன; இளையோரிடம் தமிழ் வாசிப்பு குறைந்து வருகிறது. தோட்டத்து உபதேசியார்களின் பெயர்களும் பணிகளும் பங்குப் பதிவேடுகளில் குருக்களின் பெயர்களுக்கு நிகராக எழுதப்பட வேண்டும். இச்சமூகம் எதனால் நிலைத்தது என்பதை அடுத்த தலைமுறை அறியாவிட்டால், அதைப் புதுப்பிக்கும் வழியையும் அது அறியாது.