அஞ்சல் விநியோகக் கால நீட்டிப்பும் அமெரிக்க எதிர்ப்பும்

அமெரிக்க அஞ்சல் துறை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன்னாட்சி நிறுவனமாக்கப்பட்டது. விரைவான, நம்பகமான, திறன்மிக்க சேவையை எல்லாச் சமூகங்களுக்கும் வழங்குதல் அதன் கடமை என அச்சட்டம் வரையறுத்தது. அதேவேளை, தன் வருவாயாலேயே செலவை ஈடுசெய்யும் பொறுப்பும் அதன்மீது விழுந்தது. விநியோகக் காலம் குறித்த பிற்காலப் பூசல்களுக்கு இம்முரணே அடிப்படை.

மடல்களின் எண்ணிக்கை குறைந்தபோது, 2012 முதல் அஞ்சல் பிரிப்பு மையங்கள் பல ஒன்றிணைக்கப்பட்டன. 2015இல் முதல்வகுப்புத் தனிமடல்களுக்கான மறுநாள் விநியோகம் கைவிடப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல், நாட்டின் பெரும்பரப்பில் மூன்று நாளாக இருந்த உச்சவரம்பு ஐந்து நாளாக நீண்டது. வானூர்தியைக் குறைத்துத் தரைவழிப் போக்குவரத்தைக் கூட்டுவதே இதன் நோக்கம்.

அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாண்டு சூலையிலேயே, எதிர்பார்க்கப்படும் சேமிப்பு குறித்து ஐயம் எழுப்பியிருந்தது. எனினும் அதன் கருத்து அறிவுரையே, துறையைக் கட்டுப்படுத்தாது. அக்டோபரில் 20 அரசுத் தலைமை வழக்கறிஞர்கள் அவ்வாணையத்தில் முறையிட்டனர். பத்தாண்டுத் திட்டம் முழுவதும் முன்னதாக ஆய்வுக்கு வைக்கப்படவில்லை என்பது அவர்கள் வாதம்.

இவ்வெதிர்ப்பு வெறும் இரண்டு நாள் தாமதத்தைப் பற்றியதன்று. வாக்குச்சீட்டு, காசோலை, கட்டணச்சீட்டு ஆகியவற்றுக்கு மடலை நம்பியிருப்போரிடம் கேளாமலே கடமையின் அளவைச் சுருக்கலாமா என்பதே அதன் மையவினா. கருத்துக் கேட்கும் கடப்பாட்டை விதித்த சட்டம், அக்கருத்தை ஏற்கும் கடப்பாட்டை விதிக்கவில்லை. எதிர்ப்பின் வலுவின்மைக்கு இவ்விடைவெளியே காரணம்.