வெற்றிலையும் வாய்ப்புற்றும்: மதுரைச் சமவெளியை முன்னிறுத்திய மருத்துவ வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தாம்பூலம் தமிழர் பண்பாட்டில் மங்கலப் பொருள். மருத்துவ ஆவணங்களில் வாய்ப்புற்றுநோயின் காரணி. அதே தாம்பூலத்தின் ஓர் உறுப்பான வெற்றிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சேர்மங்கள் 1980களிலிருந்து புற்றுத் தடுப்பு ஆய்வுகளில் இடம்பெற்று வருகின்றன. இம்முரண் தோன்றி வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை வெற்றிலை விளையும் மதுரைச் சமவெளியை முன்னிறுத்தி ஆராய்கிறது. தாவரச் சேர்மங்கள் குறித்த சான்றுகள் எந்த நிலைவரை செல்கின்றன என்பதை வரையறுப்பது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: வெற்றிலை, தாம்பூலம், வாய்ப்புற்றுநோய், சோழவந்தான், நெய்யூர், குர்குமின்

முன்னுரை

மதுரைக்கு வெளியே ஆயர் இல்லத்தில் கோவலன் உண்டு முடித்தபின் கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளித்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. உணவின் நிறைவாகவும் இல்லறத்தின் அடையாளமாகவும் அங்கே தாம்பூலம் அமைகிறது. அத்தாம்பூலத்தில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துத் தாவரமாகிய புகையிலை, போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்திய மண்ணில் பரவியது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்னும் மூன்றோடு நான்காவதாகப் புகையிலை சேர்ந்தபோது பழக்கத்தின் பெயர் மாறவில்லை. அதன் விளைவு மாறியது. தாம்பூலத்தின் நோய் வரலாற்றை ஆராய்வோர் முதலில் கருத வேண்டியது இவ்வேறுபாடே.

சோழவந்தான் கொடிக்கால்கள்

வைகைக் கரையில் மதுரைக்கு வடமேற்கே அமைந்த சோழவந்தான், வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊர். வெற்றிலைக் கொடி நீரும் நிழலும் வேண்டுவது. அகத்தியை நட்டு, அதன்மேல் கொடியைப் படரவிட்டு, இடையே வாய்க்கால் அமைத்துக் கொடிக்கால் உருவாக்கப்படுகிறது. 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை செயற்பாட்டுக்கு வந்தபின் மதுரைச் சமவெளியின் பாசனம் உறுதிப்பட்டது. சோழவந்தான் வெற்றிலை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆகவே, வெற்றிலையைப் பற்றிய எந்த மருத்துவக் கூற்றும் இப்பகுதியில் உழவரின் வாழ்வாதாரத்தையும் தொடும் கூற்றாகிறது.

நோயை அடையாளம் கண்ட மருத்துவர்கள்

தாம்பூலப் பழக்கத்தையும் வாய்ப்புற்றையும் இணைத்து நோக்கிய தொடக்கக்காலப் பதிவுகளுள் தென்னிந்தியப் பதிவுகள் முதன்மையானவை. சென்னையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் நிப்லாக், கன்னப்புற்றுக்கும் வெற்றிலை மெல்லுதலுக்கும் உள்ள தொடர்பை 1902இல் எழுதினார். தென்திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பெண்டால், 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்று நெய்யூர் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்தே ஐயன் ஆர் 1933இல் லான்செட் இதழில் திருவிதாங்கூர்த் தாம்பூலப் பழக்கமுடையோரின் வாய்ப்புற்றை விரிவாக ஆராய்ந்து, புகையிலையின் பங்கைச் சுட்டினார்.

இப்பதிவுகள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே அறிந்தவை. மக்கள்தொகை அடிப்படையிலான பதிவு மதுரைப் பகுதிக்கு அண்மையில் தொடங்கியது மிகப் பிற்காலத்தில்தான். 1985வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாயிருந்த திண்டுக்கல்லில், அம்பிளிக்கையை மையமாகக் கொண்ட புற்றுநோய்ப் பதிவேடு 1990களின் இடையில் உருவானது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை மனிதருக்குப் புற்று விளைவிப்பதென 1985இல் வகைப்படுத்தியது. புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும் அவ்வாறானவையே என்னும் முடிவு 2004இல் வெளிவந்த தொகுதியில் இடம்பெற்றது. புகையிலையை விலக்கினால் போதும் என்னும் எண்ணம் இதனால் நீங்கியது. பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலிய காரப்பொருள்களிலிருந்து நைட்ரசமைன்கள் உருவாகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கின் பாலிபீனால்கள் ஆக்சிசனேற்றமடைந்து, மரபணுப் பொருளைச் சிதைக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் வடிவங்களைத் தோற்றுவிக்கின்றன.

இலை மட்டும் வேறுபட்டது

தாம்பூலத்தின் கூறுகளைத் தனித்தனியே சோதித்தபோது வெற்றிலை எதிர்த்திசையில் செயற்பட்டது. பம்பாய்ப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் எஸ். வி. பிடே குழுவினர், வெற்றிலையிலுள்ள ஹைட்ராக்ஸிசாவிகால் என்னும் பீனால் சேர்மம் மரபணு மாற்றத்தைத் தடுப்பதை 1986இல் வெளியிட்டனர். புகையிலைக்கே உரிய இரு நைட்ரசமைன்களின் மரபணு மாற்றும் தன்மையை வெற்றிலைச் சாறு குறைப்பதை 1989இல் காட்டினர். வெற்றிலையையும் மஞ்சளையும் தனித்தும் சேர்த்தும் அளித்து, வெள்ளெலிகளின் வாய்ப்புற்றில் அவற்றின் காப்புத்திறனை ஆராய்ந்த கட்டுரை 1992இல் வந்தது.

இச்சான்றுகள் இலைக்குரியவை, தாம்பூலத்துக்குரியவை அல்ல. இலையின் காப்பு, அதனோடு மெல்லப்படும் பாக்கின் தீங்கை ஈடுசெய்வதில்லை என்பதை நெய்யூரின் பதிவுகளும் பன்னாட்டு முகமையின் முடிவும் ஒருசேர உணர்த்துகின்றன.

ஆய்வகச் சான்றின் எல்லை

வாய்ப்புற்று ஆய்வில் வெள்ளெலியின் கன்னப்பையைப் பயன்படுத்தும் முறையைச் சாலி 1954இல் அறிமுகப்படுத்தினார். டிஎம்பிஏ என்னும் வேதிப்பொருளைத் தொடர்ந்து பூசிக் கன்னப்பையில் கட்டி உண்டாக்குவது இம்முறை. தமிழகத்தில் இதனைப் பெரிதும் வளர்த்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நாகினி குழுவினர் வேம்பையும், மனோகரன் குழுவினர் குர்குமின், பைப்பரின் முதலியவற்றையும் இம்முறையில் ஆராய்ந்தனர். இவற்றுள் பலவும், கட்டி தோன்றும் முன்பே தாவரப்பொருளை அளித்துத் தோற்றத்தைத் தடுப்பதை அளந்தவை. தோன்றி முற்றிய நோயை நீக்குவது வேறு வினா.

உயிரணு ஆய்வுகளில் மற்றோர் இடர் உள்ளது. ஈகிள் 1955இல் அறிமுகப்படுத்திய கேபி உயிரணு வரிசை வாய்ப்புற்றிலிருந்து பெறப்பட்டதாகக் கருதப்பட்டது. அது உண்மையில் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா உயிரணுக்களின் கலப்பு என்பது 1960களிலேயே வெளிப்பட்டது. ஆயினும், அதன்பின் பல பத்தாண்டுகள் இந்திய ஆய்வகங்கள் உட்படப் பல நாடுகளில் அது வாய்ப்புற்று உயிரணுவாகவே ஆளப்பட்டது. ஹைட்ராக்ஸிசாவிகால் கேபி உயிரணுக்களை அழிப்பதாகத் தைவான் ஆய்வாளர் 2002இல் வெளியிட்டதும் இவ்வரிசையில் அடங்கும். சேர்மத்தின் திறனை இது மறுப்பதில்லை. வாய்ப்புற்றுக்கான சான்று என்னும் மதிப்பையே குறைக்கிறது.

நோயாளிகளிடத்தில் கண்டவை

மனிதரிடத்து நிகழ்ந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. திருச்சூர் அமலா புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த குட்டன் குழுவினர் 1987இல் மஞ்சள் சாற்றையும் குர்குமின் களிம்பையும் புற்றுப்புண்களின்மேல் பூசினர். நாற்றமும் அரிப்பும் பலருக்குக் குறைந்தன. அது துயர்தணிப்பு, நோய் நீக்கம் அன்று.

புற்றாக மாறக்கூடிய வாய் வெண்படலத்தில் சான்று சற்று வலுவானது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தின் ஆய்வு (1995), புகையிலை மெல்லுவோருக்கு நாளொன்றுக்கு 1 கிராம் ஸ்பைருலினாவை 12 மாதம் அளித்தது. உயிரியல் வகைப்பாட்டில் ஸ்பைருலினா நீலப்பச்சை நுண்ணுயிரியே எனினும், இவ்வாய்வு மரபில் அதற்கு இடமுண்டு. 44 பேருள் 20 பேருக்கு வெண்படலம் முற்றும் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 43 பேருள் 3 பேருக்கே அவ்வாறாயிற்று. உட்கொள்வதை நிறுத்திய ஓராண்டுக்குள் அந்த 20 பேருள் 9 பேருக்கு அது மீண்டும் தோன்றியது.

குரியகோஸ் குழுவினரின் 2016ஆம் ஆண்டு ஆய்வில் வெண்படலமுடைய 223 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்குமினை 6 மாதம் பெற்றோருள் 67.5 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து பெற்றோருள் 55.3 விழுக்காட்டினருக்கும் முன்னேற்றம் காணப்பட்டது. வெற்று மருந்தோடு ஒப்பிடாமல் முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவோர் பயனைப் பலமடங்கு மிகைப்படுத்துகின்றனர்.

தாவர மூலத்திலிருந்து வந்து வாய்ப்புற்று உள்ளிட்ட தலை, கழுத்துப் புற்றுகளின் மருத்துவத்தில் நிலைபெற்ற மருந்துகளும் உள்ளன. யூ மரத்தின் ஊசியிலைப் பொருளிலிருந்து உருவான டோசிடாக்செல் அவற்றுள் ஒன்று. 2006இல் தலை, கழுத்துப் புற்றுக்கு அமெரிக்க ஒப்புதல் பெற்றது. தென்மாவட்டங்களில் மானாவாரியாக விளையும் நித்தியகல்யாணியிலிருந்து 1958இல் வின்பிளாஸ்டின் கண்டறியப்பட்டது. இவை தூய்மையாக்கப்பட்டு, அளவு வரையறுக்கப்பட்டு, கடும் பக்கவிளைவுகளுடன் மருத்துவமனையில் செலுத்தப்படுபவை. மூலிகைச் சாற்றோடு இவற்றை ஒருநிலையில் வைத்தல் பொருந்தாது.

முடிவுரை

• தாம்பூலத்தின் தீங்கு பாக்கினாலும் புகையிலையினாலும் நேர்வது. வெற்றிலையின் சேர்மங்களுக்கு ஆய்வகத்தில் காப்புத்திறன் காணப்பட்டுள்ளது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

• தாவரச் சேர்மங்களின் சான்று புற்றுத் தடுப்பிலும் முன்நிலைப் புண்களிலுமே உள்ளது. முற்றிய வாய்ப்புற்றுக்கு அறுவையும் கதிர்மருத்துவமுமே அடிப்படை மருத்துவம்.

• கேபி உயிரணுவில் பெற்ற முடிவுகளை வாய்ப்புற்றுக்கான சான்றாக இனி மேற்கோள் காட்டுதல் தவிர்க்கப்பட வேண்டும்.

வெற்றிலை புற்றைத் தீர்க்கும் என்னும் செய்தியை நம்பி, கன்னத்தில் ஆறாத புண்ணுடன் ஒருவர் மூன்று மாதம் காத்திருப்பின், அறுவையால் அகற்றத்தக்க நோய் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவ அக்காலம் போதும். சோழவந்தான் இலையின் சிறப்பை நிலைநாட்ட அதற்கில்லாத மருத்துவப் பெருமையை ஏற்ற வேண்டியதில்லை. இலையின் சேர்மங்களை வாய் வெண்படலத்தில், வெற்று மருந்துடன் ஒப்பிட்டு, பாக்கையும் புகையிலையையும் கைவிட்டோரிடத்தில் ஆராய்வதே மதுரைப் பகுதி ஆய்வுலகம் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.