ஸ்லாவிய மொழிகளில் யானை: ‘ஸ்லோன்’ என்னும் சொல்லின் பிறப்பு

யானை வாழாத நிலத்து மக்கள் அவ்விலங்குக்குப் பெயரை எங்கிருந்து பெற்றனர்? களிறு, பிடி, வேழம் எனக் கண்முன் கண்ட விலங்கைப் பல சொற்களால் சுட்டிய நமக்கு இவ்வினா சற்று விந்தையாகவே தோன்றும். ருசியம், செக், பல்கேரியம் ஆகியவற்றில் யானையின் பெயர் ‘ஸ்லோன்’. போலிய மொழியில் ‘ஸ்வோஞ்’. கிழக்கு, மேற்கு, தெற்கு என்னும் மூன்று ஸ்லாவியக் கிளைகளிலும் வழங்குவதால் இதன் பழமை தெளிவு.

இச்சொல்லை ருசிய மொழியில் ‘சாய்தல்’ எனப் பொருள்படும் ‘ஸ்லொனீத்சா’ என்னும் வினையோடு இணைப்பார் உண்டு. இதற்குப் பின்னணியில் ஒரு கதை இருக்கிறது. யானையின் கால்களில் மூட்டு இல்லை; அது மரத்தில் சாய்ந்தே உறங்கும்; வேடர் அம்மரத்தை அறுத்து வைத்து வீழ்த்துவர் என்பது அக்கதை. கிரேக்கத்தில் தோன்றிய ‘பிசியோலோகஸ்’ என்னும் விலங்கு நூல் இதனை ஐரோப்பா முழுதும் பரப்பியது. ஸ்லாவிய மொழிபெயர்ப்பும் அதற்கு உண்டு. யானை காலை மடக்கும் என்று அரிஸ்டாட்டில் அதற்கு நெடுங்காலம் முன்பே எழுதியிருந்தும் கதை மறையவில்லை. ஜூலியஸ் சீசரோ இதே கதையை ஜெர்மானியக் காட்டு மான் ஒன்றின் மீது ஏற்றிக் கூறுகிறார்! ஊர்விட்டு ஊர் செல்லும் கதையைச் சொற்பிறப்புக்குச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. ஒலி ஒத்தமையால் மக்கள் பிற்காலத்தில் கற்பித்த விளக்கம் இது என்பதே பொருந்தும். ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றிச் செல்லும் நம்மவர் சிலருக்கும் இஃது எச்சரிக்கையாகலாம்.

மற்றொரு கருத்து, துருக்கிய மொழிகளில் சிங்கத்தைக் குறிக்கும் ‘அர்ஸ்லான்’, ‘அஸ்லான்’ என்பதிலிருந்து இது வந்தது என்பது. சிங்கம் யானையாவது எங்ஙனம்? காணாத விலங்குகளின் பெயர் இடம் மாறுவது புதிதன்று. யானையைக் குறிக்கும் கிரேக்க ‘எலெபாஸ்’ என்பதோடு தொடர்புடையதாகக் கருதப்படும் கோதிக் மொழியின் ‘உல்பந்துஸ்’ ஒட்டகத்தையே குறித்தது. அதுவே ஸ்லாவியத்திற் புகுந்து, ருசியத்தில் ‘வெர்புல்யூத்’ என இன்றும் ஒட்டகத்தின் பெயராக நிற்கிறது. எனவே பொருள் மாற்றம் பெருந்தடை அன்று. முதல் உயிர் கெட்டதற்கு ஏற்ற காரணம் காட்டுவதே கடினம். அத்தடை நீங்கும் வரை துருக்கிய மூலத்தை ஏற்புடைய கருதுகோளாகக் கொள்ளலாமேயன்றி முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக மேற்கே சென்றபோது யானைக் காயும் உடன் சென்றது. ஆங்கிலேயர் அதனைச் சமயத் தலைவராக்கினர். ருசியரோ அக்காயை இன்றும் ‘ஸ்லோன்’ என்றே அழைக்கின்றனர், அதன் வடிவில் துதிக்கை இல்லாதபோதும்.