அண்ணன் தம்பி சண்டையும் ஒரு ராஜ்யமும்

கம்பி, சிமெண்ட் கணக்குப் போடுகிறவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதுதானே எங்கள் தொழில்! அந்தக் கண்ணோடு இங்கிலாந்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

1066-ல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார் என்று கேள்விப்பட்டிருப்போம். ஆனால் அந்தக் கட்டடத்தில் விரிசல் விழுந்தது அதற்கு முன்னாலேயே... அதுவும் ஒரு வீட்டுக்குள்ளே!

1042-ல் எட்வர்ட் ராஜாவானார். அவர் ஆட்சியைத் தாங்கி நின்றவை மூன்று தூண்கள். தெற்கே வெசெக்ஸில் காட்வின், நடுவே மெர்சியாவில் லியோப்ரிக், வடக்கே நார்தம்பிரியாவில் சிவர்ட். 'ஏர்ல்' பட்டம் பெற்ற இந்தப் பிரபுக்கள் ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்திருந்ததால் ராஜா பிழைத்தார். 1045-ல் காட்வின் தன் மகளை ராஜாவுக்கே கட்டிக்கொடுத்தார். 1051-ல் டோவர் நகரில் நடந்த கைகலப்புக்காக ஊராரைத் தண்டிக்கச் சொன்னார் ராஜா, மறுத்தார் மாமனார். மற்ற இரு பிரபுக்களும் ராஜா பக்கம் நிற்க, காட்வினும் பிள்ளைகளும் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. மறுவருஷமே கப்பல் படையோடு வந்து பதவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்!

1053-ல் காட்வின் மறைந்ததும் மகன் ஹாரல்டுக்கு வெசெக்ஸ் வந்தது. 1055-ல் சிவர்ட் இறந்தபோது அவர் மகன் சின்னப் பிள்ளை. நார்தம்பிரியா யாருக்கு? ஹாரல்டின் தம்பி டாஸ்டிக்குக்கு! அப்புறம் இன்னும் இரண்டு தம்பிகளுக்கும் ஆளுக்கொரு பிரதேசம். மெர்சியா மட்டும்தான் லியோப்ரிக் வம்சத்திடம் மிஞ்சியது. பாரம் முழுக்க ஒரே தூண் மேல் ஏறிவிட்டது.

டாஸ்டிக்கின் வரியும் கெடுபிடியும் நார்தம்பிரியா மக்களுக்குப் பொறுக்கவில்லை. 1065 அக்டோபரில் யார்க் நகரில் அவர் ஆட்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, லியோப்ரிக்கின் பேரன் மோர்காரைத் தங்கள் ஏர்ல் என்று அறிவித்தார்கள். படையாகத் தெற்கே இறங்கியவர்களிடம் சமரசம் பேசப் போனவர் ஹாரல்ட். தம்பியா, நாடா? உள்நாட்டுப் போர் வேண்டாமென்று தம்பியைக் கைவிட்டார். "கலகத்தைத் தூண்டியதே அண்ணன்தான்" என்று ராஜா முன்னால் குமுறினார் டாஸ்டிக். ஹாரல்ட் சத்தியம் செய்து மறுத்தார். தம்பி நாடுகடத்தப்பட்டார்.

1066 ஜனவரியில் பிள்ளையில்லாமல் எட்வர்ட் இறக்க, ஹாரல்ட் முடிசூடினார். மோர்காரின் சகோதரியை மணந்து பழைய பகையைத் தீர்க்கவும் பார்த்தார். ஆனால் தம்பி சும்மா இருப்பாரா? நார்வே மன்னர் ஹார்ட்ராடாவோடு சேர்ந்து வடக்கே வந்து இறங்கினார். செப்டம்பர் 20-ல் மோர்காரும் அவர் உடன்பிறந்த எட்வினும் யார்க் அருகே தோற்றார்கள். ஹாரல்ட் ஓட்டமும் நடையுமாய் வடக்கே போய், 25-ம் தேதி ஸ்டாம்போர்ட் பாலத்தில் ஹார்ட்ராடாவையும் சொந்தத் தம்பியையும் வீழ்த்தினார். மூன்றே நாளில் தெற்குக் கரையில் வில்லியம்! அக்டோபர் 14-ல் ஹேஸ்டிங்ஸில் ஹாரல்டும் மற்ற இரண்டு தம்பிகளும் மடிந்தார்கள்.

தம்பியைக் கைவிட்டதுதான் தப்பு என்று தோன்றலாம். என் கணக்கு வேறு. 1065-ல் எடுத்த முடிவு சரியே. பிசகு நடந்தது 1055-ல். ஊரோடு ஒட்டாத ஆளை 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்பதற்காக உட்கார வைத்தார்களே, அங்கேதான். எல்லாப் பதவியும் ஒரே வீட்டுக்குள் இருந்தால் வீட்டுச் சண்டையே நாட்டுச் சண்டையாகிவிடும்.

நாளைக்கு ஒரு சங்கமோ, கம்பெனியோ, பஞ்சாயத்தோ நடத்தப்போகிற தம்பி தங்கைகளே, பாரத்தைப் பிரித்துக் கொடுங்கள். கட்டடம் நிற்கும்!