மாறாதவற்றைச் சொல்லும் முறை: தானியங்கித் திட்டமிடலில் தர்க்க நிரலாக்கத்தின் வளர்ச்சி

தானியங்கித் திட்டமிடலின் வரலாற்றைச் சொல்லும் பாடநூல்களில் தர்க்கத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு முன்கதைப் பாத்திரம்தான். 1969-இல் கார்டெல் கிரீன் தேற்ற நிறுவல் வழியாகக் கணினியைத் திட்டம் தீட்ட வைத்தார். சிறு கணக்குகளைத் தாண்டியதும் அது திணறியது. 1971-இல் ஸ்டான்ஃபர்ட் ஆய்வு நிறுவனத்தில் ரிச்சர்ட் ஃபைக்ஸும் நில்ஸ் நில்சனும் ஸ்டிரிப்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் தேடல் முறைகள் களத்தைப் பிடித்துக்கொண்டன. இதில் தகவல் பிழை ஏதும் இல்லை. ஆனால் கிரீனின் அமைப்பைத் தளர வைத்த சுமைகள் இரண்டு. கடிவாளம் இல்லாத நிறுவல் தேடல் ஒன்று. மாறாதவற்றைப் பற்றிச் சொல்ல அந்தத் தர்க்கத்திடம் சிக்கனமான வழி இல்லாதது மற்றொன்று. பாடநூல்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். தர்க்க நிரலாக்கம் திட்டமிடலுக்குச் செய்த முதன்மையான பணி இரண்டாவது சுமையை இறக்கியதே என்பதும், அந்தப் பணி முழுவதும் மறுப்புக்கு என்ன பொருள் கொள்வது என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம். அக்கேள்விக்கான விடை மாறியபோதெல்லாம் திட்டம் என்றால் என்ன என்பதும் மாறியது. முதலில் அது ஒரு நிறுவலின் உடன்விளைவு, பிறகு ஒரு விளக்கம், கடைசியில் ஒரு மாதிரி.

ஜான் மெக்கார்த்தி 1963-இல் ஸ்டான்ஃபர்ட் குறிப்பொன்றில் முன்வைத்த நிலைமைக் கணிதத்தில் உலகின் ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு செயல் பழைய நிலைமையிலிருந்து புதியதொன்றை உருவாக்கும். கட்டை மேசைமேல் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த நிலைமையில் இருக்கிறது என்றும் சேர்த்தே சொல்ல வேண்டும். ராபின்சன் 1965-இல் வெளியிட்ட ரெசல்யூஷன் விதியைக் கொண்டு, குறிக்கோள் நிறைவேறும் நிலைமை ஒன்று உண்டு என்று நிறுவச் சொன்னால், அந்த நிறுவலுக்குள்ளேயே செயல்களின் வரிசை விடையாகக் கிடைத்துவிடும். கிரீன் செய்தது இதைத்தான், அழகான யோசனை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒரு கட்டையை நகர்த்தினால் மற்றக் கட்டைகளின் நிறம் மாறாது, அறையின் விளக்கு அணையாது என்பவற்றையும் தனித்தனி வாக்கியங்களாக எழுதித்தர வேண்டியிருந்தது. 10 செயல்களும் 20 பண்புகளும் உள்ள சின்ன உலகத்துக்கே இத்தகைய வாக்கியங்கள் ஏறக்குறைய 200 தேவைப்படும். ஒவ்வோர் அடியிலும் அவற்றையெல்லாம் நிறுவலுக்குள் இழுத்துவர வேண்டும். மெக்கார்த்தியும் பேட்ரிக் ஹேய்ஸும் 1969-இல் இதற்குச் சட்டகச் சிக்கல் என்று பெயரிட்டார்கள்.

ஸ்டிரிப்ஸ் இந்தச் சிக்கலைத் தீர்த்தது என்பதைவிடச் சுற்றிக்கொண்டு போனது என்பதே சரி. செயல் ஒவ்வொன்றுக்கும் முன்நிபந்தனைப் பட்டியல், சேர்க்கைப் பட்டியல், நீக்கப் பட்டியல் என்று மூன்று. நீக்கப் பட்டியலில் பெயர் வராத எதுவும் அப்படியே தொடரும். இந்த அனுமானத்தைத் தர்க்க வாக்கியமாக எங்கும் எழுதவில்லை. பட்டியலைப் புதுப்பிக்கும் நிரலின் நடத்தையில் அது கரைந்திருந்தது. தர்க்கத்தைக் கைவிட்ட அமைப்பு என்று ஸ்டிரிப்ஸைச் சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒரு நிலைமைக்குள் முன்நிபந்தனை பொருந்துகிறதா என்று பார்க்க 1971-ஆம் ஆண்டின் ஸ்டிரிப்ஸ் ரெசல்யூஷன் நிறுவியையே பயன்படுத்தியது. தர்க்கம் வெளியேறவில்லை, காலத்தைக் கடக்கும் உரிமை மட்டும் அதனிடமிருந்து பறிக்கப்பட்டது. அந்த உரிமையை நியாயமான விலைக்கு மீட்க முடியுமா என்பதே அடுத்த இருபது ஆண்டுகளின் கேள்வி.

விடை தொடங்கியது மார்செய்யிலும் எடின்பரோவிலும். அலேன் கோல்மராவ்ரின் குழு 1972-இல் புரோலாக் மொழியை உருவாக்கியது. ஹார்ன் வாக்கியங்களைச் செயல்முறைகளாகப் படிக்கலாம் என்ற கருத்தை ராபர்ட் கொவால்ஸ்கி வளர்த்தார். அந்த மொழியில் டேவிட் வாரன் 1974-இல் எடின்பரோவில் எழுதிய வார்ப்ளான் ஏறக்குறைய 100 வரிகளே கொண்டது. சஸ்மன் முரண் என்ற புகழ்பெற்ற கணக்கில் அதன் வேலையைப் பார்க்கலாம். க, ச, த என்று மூன்று கட்டைகள். த, க-வின் மேல் இருக்கிறது. க-வும் ச-வும் மேசைமேல். வேண்டுவது, ச-வின் மேல் க, த-வின் மேல் ச. முதல் குறிக்கோளை மட்டும் முடிக்க, த-வை மேசைக்கு இறக்கி, க-வைத் தூக்கி ச-வின் மேல் வைக்க வேண்டும். இனி ச-வை எடுக்க வேண்டுமென்றால் இப்போது வைத்ததைக் கலைக்க வேண்டும். குறிக்கோள்களை ஒன்றன்பின் ஒன்றாக முடித்துக்கொண்டே போகும் அமைப்புகள் இங்கே இடறின. வார்ப்ளான், முடித்த குறிக்கோளைக் காவல் செய்தபடி, புதிய செயலைத் திட்டத்தின் வாலில் ஒட்ட முடியாவிட்டால் நடுவில் செருகிப் பார்க்கும். த இறங்கிய பிறகு, க நகர்வதற்கு முன், ச-வை த-வின் மேல் வைக்கும் செயல் பொருந்துகிறது. மூன்று செயல்களில் வேலை முடிகிறது. செருகிய செயல் பின்வருவனவற்றைக் குலைக்கிறதா என்பதைக் குறிக்கோளைப் பின்னோக்கித் தள்ளிச் சோதிக்கிறது. இத்தனையும் 100 வரிக்குள் அடங்கியதற்குக் காரணம், பின்வாங்கித் தேடும் வேலையைப் புரோலாக் தானே செய்துவிட்டதுதான்.

ஆனாலும் வார்ப்ளானில் மாறாமை இன்னும் செயல்முறையாகவே இருந்தது. அதை வாக்கியமாக்கியதே அடுத்த படி. கீத் கிளார்க் 1978-இல் தோல்வியே மறுப்பு என்ற விதிக்குத் தர்க்க அடிப்படை தந்தார்: ஒன்றை நிறுவ எடுத்த எல்லா முயற்சிகளும் முடிவுக்கு வந்து தோற்றால், அது இல்லை என்று கொள்ளலாம். கொவால்ஸ்கியின் 1979-ஆம் ஆண்டு நூலில் திட்டமிடல் இந்த வெளிச்சத்தில் வருகிறது. 200 வாக்கியங்களின் இடத்தில் இப்போது ஒன்றே ஒன்று: ஒரு பண்பு ஒரு நிலைமையில் நிலவினால், செய்த செயல் அதைக் குலைக்கிறது என்று காட்ட முடியாவிட்டால், அடுத்த நிலைமையிலும் அது நிலவும். குலைப்பவை எவை என்பது மட்டும் தனிப் பட்டியல். ஸ்டிரிப்ஸின் நீக்கப் பட்டியல்தான் இது. இம்முறை நிரலின் பழக்கமாக அன்றி, படிக்கவும் திருத்தவும் பிறவற்றோடு சேர்த்து வாதிக்கவும் கூடிய விதியாக வந்திருக்கிறது. வெறும் எழுத்துமுறை மாற்றம்தானே என்று கேட்கலாம். வேகத்தைப் பொறுத்தவரை அது உண்மை. பொருளைப் பொறுத்தவரை அப்படி ஒதுக்கிவிட முடியாது என்பதை 1980-களின் நடுவில் வந்த ஒரு துப்பாக்கி காட்டியது.

ஸ்டீவ் ஹாங்க்ஸும் ட்ரூ மெக்டெர்மட்டும் எழுப்பிய யேல் துப்பாக்கிச் சிக்கலின் சம்பவம் மூன்றே அடி: துப்பாக்கியில் குண்டு நிரப்பு, சற்றுக் காத்திரு, சுடு. எதிரே நின்றவர் இறந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைய வழமைசாராத் தர்க்கங்கள் இன்னொரு விடையையும் சமமாக ஏற்றன: காத்திருந்தபோது குண்டு எப்படியோ காணாமற்போனது, ஆள் பிழைத்தார். இயல்புமீறலைக் குறைக்கச் சொன்னால், எங்கே குறைப்பது என்று அந்தத் தர்க்கங்களுக்குத் தெரியவில்லை. இரு கதைகளிலும் மீறல் ஒன்றுதான். தர்க்க நிரலாக்கத்தில் இந்த இரண்டாவது கதைக்கு இடமே இல்லை. விதியின் அம்பு ஒருதிசையானது. ஆள் உயிரோடிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு குண்டு இல்லாமற்போயிருக்கும் என்று பின்னோக்கிக் கழிக்க அது விடாது. கிரிஸ்டோஃப் ஆப்டும் மார்க் பெசெமும் 1990-இல் சுழற்சியற்ற நிரல்கள் என்ற வகையை வரையறுத்து, இந்தக் கணக்கு அதற்குள் அடங்குவதையும் ஒரே விடை பெறுவதையும் காட்டினார்கள். புரோலாக்கின் குறை என்று பலர் கருதிய ஒருதிசைத் தன்மையே இங்கே கைகொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே காலத்தில் திட்டம் என்பதன் வரையறையும் அசையத் தொடங்கியது. கொவால்ஸ்கியும் மாரெக் செர்காட்டும் 1986-இல் வெளியிட்ட நிகழ்வுக் கணிதத்தில் நிலைமைகள் இல்லை. நிகழ்வுகளும் அவை தொடங்கி வைக்கும், முடித்து வைக்கும் காலப்பகுதிகளுமே உண்டு. நடந்த நிகழ்வுகளைக் கொடுத்தால் எப்போது எது உண்மை என்று அது சொல்லும். கவே எஷ்கி 1988-இல் அதைத் திருப்பிப் போட்டார்: குறிக்கோள் உண்மையாக வேண்டுமானால் என்னென்ன நிகழ்வுகள் நடந்திருக்க வேண்டும் என்று ஊகித்தால், அந்த ஊகமே திட்டம். நோய்க்குறியிலிருந்து நோயை ஊகிப்பதும் குறிக்கோளிலிருந்து திட்டத்தை ஊகிப்பதும் ஒரே வகை அனுமானம் ஆகிவிட்டன. மறுப்பைப் பற்றிய கேள்விக்கும் இதில் ஒரு பலன் கிடைத்தது. எஷ்கியும் கொவால்ஸ்கியும் 1989-இல், இல்லை என்பதையே ஓர் ஊகமாக எடுத்துக்கொண்டால், அத்தகைய ஊகங்களின் முரணற்ற தொகுப்புகள் மைக்கேல் கெல்ஃபாண்டும் விளாடிமிர் லிஃப்ஷிட்ஸும் ஓராண்டு முன்பு வரையறுத்த நிலைத்த மாதிரிகளோடு பொருந்துவதைக் காட்டினார்கள். விளக்கத்திலிருந்து மாதிரிக்குப் போகும் பாலம் இதுவே.

நிலைத்த மாதிரியில் ஒரு நிரலுக்குப் பல விடைகள் இருக்கலாம். புரோலாக் நோக்கில் அது சங்கடம். திட்டமிடுவோருக்கோ அதுதான் தேவை. சுப்பிரமணியனும் சானியோலோவும் 1995-இல் நிலைத்த மாதிரிகளுக்கும் திட்டங்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்கள். 1997-இல் டிமோபுலோஸ், நேபல், கோலர் மூவரும் திட்டமிடல் கணக்குகளை இவ்வகை நிரல்களாக எழுதிச் சோதித்தார்கள். 1999-இல் இல்க்கா நியமெலாவும், தனியே மாரெக்கும் ட்ருஷ்சின்ஸ்கியும் இதை ஒரு நிரலாக்க நெறியாகவே முன்வைத்தார்கள். நிலைத்த மாதிரிக்கு விடைக்கணம் என்றும் பெயர் உண்டு; அதே ஆண்டு லிஃப்ஷிட்ஸ் இம்முறைக்கு விடைக்கணத் திட்டமிடல் என்று பெயர் சூட்டினார். நிரலின் உடல் மிகச் சிறியது. ஒவ்வொரு காலப்படியிலும் ஒரு செயல் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பது ஒரு விதி. முன்நிபந்தனை இல்லாமல் நடக்கக் கூடாது என்பது ஒரு தடை. மாறியதற்குச் சான்று இல்லாதவரை பழையது தொடரும் என்பது ஒரு விதி. கடைசிப் படியில் குறிக்கோள் நிறைவேறாமல் இருக்கக் கூடாது என்பது இன்னொரு தடை. மாதிரி கிடைத்தால் அதற்குள் திட்டம் எழுதப்பட்டே இருக்கும். இங்கே நிறுவல் இல்லை, பின்வாங்கலை நிரலர் வழிநடத்துவதும் இல்லை. கணிப்புக் கடினத்தின் அளவும் இந்த அமைப்புக்கு ஒத்துப்போகிறது. பொதுவான ஸ்டிரிப்ஸ் திட்டமிடல் பி-ஸ்பேஸ் முழுமையானது என்று பைலாண்டர் 1994-இல் காட்டினார். திட்டத்தின் நீளத்துக்குப் பல்லுறுப்புக்கோவை அளவிலான வரம்பு கட்டினால் அது என்.பி. வகைக்கு இறங்கும். நிலைத்த மாதிரி உண்டா என்ற கேள்வியும் என்.பி. முழுமையானதே.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். ஹென்றி கௌட்ஸும் பார்ட் செல்மனும் 1992-லேயே திட்டமிடலை நிறைவுறுத்தல் கணக்காக மாற்றிவிட்டார்கள். விடைக்கணத் திட்டமிடல் அதற்குப் போட்ட வேறு சட்டைதானே? ஆட்சேபத்தில் பாதி நியாயம் உண்டு. நேர்மறைச் சுழற்சி இல்லாத நிரல்களில் நிலைத்த மாதிரிகளும் விதிகளை இருதிசையாகப் படிக்கும் கிளார்க்கின் நிறைவாக்கத்தின் மாதிரிகளும் ஒன்றே என்று ஃபாஷ் 1994-இல் நிறுவினார். காலப்படிகளால் எண்ணிடப்பட்ட மாறாமை விதி ஒருபோதும் தன்னிடம் திரும்புவதில்லை. ஆகவே கட்டை உலகம் போன்றவற்றில் வேறுபாடு வசதியளவில்தான். செயலின் மறைமுக விளைவுகள் சுழலும் இடத்தில்தான் பாதை பிரிகிறது. டெக்சாஸில் கெல்ஃபாண்டின் குழு விண்வெளி ஓடத்தின் எதிர்வினைக் கட்டுப்பாட்டு அமைப்புக்காக 2001-இல் வெளியிட்ட ஆலோசனை நிரல் இதற்குச் சான்று. 44 சிற்றெந்திரங்களுக்கு எரிபொருள் கொண்டுபோகும் தொட்டிகள், குழாய்கள், வால்வுகள் அதில் உண்டு. ஒரே நேரத்தில் பல பழுதுகள் வந்தால் தரைக்கட்டுப்பாட்டாளர் எந்த விசைகளை எந்த வரிசையில் போட வேண்டும் என்று நிரல் சொல்ல வேண்டும். திறந்த வால்வின் மறுபக்கம் அழுத்தம் இருந்தால் இப்பக்கமும் அழுத்தம் உண்டு என்பது ஒரே விதி. இப்படிப்பட்ட குழாய் வலையில், தொட்டி மூடியிருக்கும்போதும், ஒன்றோடொன்று இணைந்த இரு குழாய்கள் பரஸ்பரம் சாட்சி சொல்லித் தங்களுக்கு அழுத்தம் உண்டு என்று காட்டிக்கொள்ள நிறைவாக்கம் இடம் கொடுத்துவிடும். நிலைத்த மாதிரி அதை ஏற்பதில்லை. அழுத்தம் தொட்டியிலிருந்து வந்தே ஆக வேண்டும். இதே தடையை நிறைவுறுத்தல் வாக்கியங்களில் எழுத லின்னும் ஜாவோவும் சுழற்சிச் சூத்திரங்களைக் கண்டார்கள். அவற்றின் எண்ணிக்கை அடுக்கேற்றமாகப் பெருகக்கூடும்.

இரண்டாவது ஆட்சேபம் போட்டிக் களத்திலிருந்து வருகிறது. மெக்டெர்மட்டின் முன்னெடுப்பில் 1998-இல் தொடங்கிய பன்னாட்டுத் திட்டமிடல் போட்டிகளில் பெரிதும் கோலோச்சியவை ஹாஃப்மனின் எஃப்.எஃப்., மால்டே ஹெல்மர்ட்டின் ஃபாஸ்ட் டவுன்வர்ட் போன்ற வழிகாட்டித் தேடல் அமைப்புகள். நீண்ட திட்டங்களுக்கு விடைக்கண நிரல் தளர்ந்துவிடுகிறது. காலப்படிகளை எண்ணி விரிக்கும்போதே நினைவகம் நிரம்புகிறது. இதை மறுக்க வழியில்லை, மறுக்கவும் தேவையில்லை. ஆனால் அந்தத் தேடலுக்கு வழிகாட்டுவது எது என்று பார்க்க வேண்டும். எஃப்.எஃப். நீக்கப் பட்டியலை மறந்துவிட்டு ஓர் எளிய கணக்கைத் தீர்த்து, அதன் நீளத்தை மதிப்பீடாகக் கொள்கிறது. நீக்கம் இல்லாத திட்டமிடல் என்பது மறுப்பில்லாத ஹார்ன் நிரலே. எட்டக்கூடியவை எல்லாம் அதன் மிகச் சிறிய மாதிரி. ஃபாஸ்ட் டவுன்வர்ட் இன்னும் வெளிப்படையானது: செயல் வடிவங்களை விரிக்கும் முதற்கட்டத்தில் அது ஒரு டேட்டாலாக் நிரலை உருவாக்கி இயக்கி, எட்டக்கூடிய உண்மைகளைப் பொறுக்கி எடுக்கிறது. 2004-ஆம் ஆண்டுப் போட்டிக்கு வந்த பி.டி.டி.எல். 2.2 மொழி வருவிக்கப்பட்ட பண்புகளைச் சேர்த்துக்கொண்டபோது, அவற்றுக்கு வகுத்த பொருளும் அடுக்கமைந்த தர்க்க நிரல்களின் பொருளே. மறுப்பை முழுமையாகக் கையாளும் பொறுப்பை மட்டும் அந்த அமைப்புகள் தேடலிடம் விட்டுவிட்டன, எஃப்.எஃப். வகை மதிப்பீடுகள் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்லும் கணக்குகளும் பெரும்பாலும் நீக்கங்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, ஒரு குறிக்கோளை முடிக்க மற்றொன்றைக் கலைக்க வேண்டிவரும் கணக்குகளே.